குளிர் ஊரில் வாசனை மெழுகுதிரி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஹட்டன் கடைக்கு இரண்டு முறைப்பாடுகள் தவறாமல் வரும். "நடுவில் கிணறு வெட்டினாற்போல் திரி இறங்குகிறது, சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கிறது" என்பது ஒன்று. "மெழுகில் பூஞ்சணம் பிடித்துவிட்டது" என்பது மற்றது.

பூஞ்சணக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது பூஞ்சணம் அல்ல. சோயா மெழுகு இறுகும்போது வெண்படிகம் பூப்பது அதன் இயல்பு. உருகினால் மறையும், இறுகினால் திரும்பவும் வரும். மணம் குறையாது.

கிணறு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் நாள் கொளுத்திய விதம்தான். அன்று எந்த வட்டம் வரை உருகுகிறதோ, அடுத்த முறையும் சுடர் அந்த வட்டத்துக்குள்ளேயே இறங்கும். விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. அதன்படி எங்கள் 3 அங்குலக் கண்ணாடிக்கு 3 மணி நேரம் வேண்டும். ஆனால் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துத் தை மாதக் குளிரில் மெழுகு கல்லாக இறுகியிருக்கும். கொளுத்துவதற்கு முன் சமையலறை வெதுவெதுப்பில் சற்று வைத்திருங்கள். எப்படியானாலும் ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம், கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடேறும். அரை மணி நேரம்தான் ஓய்வு என்றால் அன்று கொளுத்தாமல் விடுவதே மேல்.

ஒவ்வொரு முறையும் கொளுத்துவதற்கு முன், ஆறிய திரியை 6 மில்லிமீற்றர் மட்டும் மிஞ்சும்படி நறுக்குங்கள். நறுக்காத திரியின் முனையைப் பாருங்கள், கரி காளான்போல் குடை விரித்து நிற்கும். சுடர் துள்ளுவதும் கரும்புகை எழுவதும் அதனால்தான். நறுக்கிய துண்டோ நெருப்புக்குச்சியோ மெழுகுக்குள் விழுந்தால் உடனே எடுத்துவிடுங்கள், விட்டால் அதுவே இன்னொரு திரியாகப் பற்றிக்கொள்ளும்.

ஜன்னல் இடுக்கால் வரும் காற்று சுடரை ஒரு பக்கமாகச் சாய்க்கும், அந்தப் பக்கக் கண்ணாடி கறுத்துச் சுடும். திரைச்சீலை, கொடியில் காயும் கம்பளி, சுவாமிப் படத்துக் காகித மாலை எல்லாவற்றிலிருந்தும் ஓர் அடியாவது விலக்கி வையுங்கள். தலைக்கு மேல் தட்டு இருக்கும் இடமும் வேண்டாம். எரிந்து சூடான கண்ணாடியை ஈரச் சீமெந்துத் தரையில் வைத்தால் விரிசல் விடும்.

மின்வெட்டு இரவுகளில் இதையே விளக்காக்கிவிட்டு உறங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அதற்கு டோர்ச் இருக்கிறது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு கவிழ்ந்து எத்தனை பேர் வெந்தார்கள் என்பது இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அதைப் பார்த்துத்தான் உருண்டோடாத, குட்டையான, பாரமான கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நாங்களும் நெட்டைக் கண்ணாடியில் மெழுகு வார்ப்பதில்லை. அழகு குறைவு என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

மெழுகு முழுவதும் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கவிடும். மூடியைப் போட்டு அடக்குங்கள், அதற்குத்தான் தகர மூடி தருகிறோம். அணைத்த பிறகு குளிரைப் பாராமல் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவையுங்கள். இழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வாசனைத் திரியே வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் யூக்கலிப்டஸ் வகையைத் தவிர்த்து வேறொன்றை எடுங்கள்.

அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அந்த மிச்சத்தை உருக்கித் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கண்ணாடியை அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள், சுத்தம் செய்து மீண்டும் வார்த்துத் தருகிறோம். கண்ணாடிக்கான விலையைக் கழித்துக்கொள்வோம்.

அன்புடன்,
கடையினர்