தலை எண்ணியவர்களுக்கும் தட்டு கொடுத்தவர்களுக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், பேருந்து ஓட்டுநருக்கும் அவருடைய உதவியாளருக்கும், பண்ணையாருக்கும், தீயணைப்பு நிலையத்தாருக்கும், நூலகத்தாருக்கும், எங்கள் பள்ளி ஊழியர்களுக்கும் வணக்கம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. 12 வாரங்களில் நான்கு வெளிப்பயணங்கள். அவற்றுக்கு நடுவே விதை முளைக்க வைத்தோம், நிழல் அளந்தோம், புழு வளர்த்தோம். ஆறேழு வயதுக்கு இது நிறையத்தான். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி எழுதி முடித்தால், யார் எதைச் செய்ததால் எது நடந்தது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் ஆட்களின் பெயரை விட்டுவிட்டு, செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். படிக்கும்போது உங்கள் வேலை உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி தலை எண்ணியவர்களுக்கு. 42 பிள்ளைகள், 7 பெரியவர்கள், ஆளுக்கு 6 பேர். கணக்கு எளிது, எண்ணுவதுதான் கடினம். நடக்கிற வரிசையை எண்ணினால் கணக்கு நிற்காது, ஏனென்றால் தோழியைக் கண்டதும் பிள்ளைகள் இடம் மாறிவிடுவார்கள். இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து எண்ணினால் நடுவில் நிற்கும் பிள்ளை இருவர் கணக்கிலும் விழும். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை கழிப்பறையில் இருந்தால் மொத்தம் சரியாகவே வரும், ஆனால் பிள்ளை இருக்காது. எங்களை மிகவும் பயமுறுத்துவது இந்தச் சரியான தப்புக் கணக்குதான். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பதிலும் பயனில்லை. வந்தவர்கள்தான் "வந்தாச்சு" என்பார்கள்.

நீங்கள் பிள்ளைகளை நிற்க வைத்து, உங்கள் ஆறு பேரை மட்டும், ஒவ்வொரு தோளாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினீர்கள். ஏழு பேரும் எண்ணிக்கை சொன்ன பிறகு ஒருவர் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். ஏறும் முன், ஏறி உட்கார்ந்த பின், இறங்கியதும், கழிப்பறை போய் வந்ததும், சாப்பிட்டு எழுந்ததும், கிளம்பும் முன் என்று ஒரே நாளில் எட்டு ஒன்பது முறை. சலிக்காமல் செய்தீர்கள். கைக்குழந்தை வயதைத் தாண்டிய தம்பியையும் அழைத்து வந்த ஓர் அம்மா, யாரும் சொல்லாமலே அவனுக்கு வேறு நிறப் பட்டை கட்டிவிட்டிருந்தார். அந்தப் பட்டை இல்லையென்றால் அவன் 43ஆவது தலையாக எல்லாக் கணக்கையும் குழப்பியிருப்பான்.

மணிக்கட்டுப் பட்டைகளை எழுதித் தந்த அக்காவுக்கும் நன்றி. வெளிப்பக்கம் பள்ளியின் தொலைபேசி எண், உட்பக்கம் பிள்ளையின் பெயர். வெளியே பெயர் தெரிந்தால் முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும், பெயர் தெரிந்தவரைப் பிள்ளை உடனே நம்பிவிடும்.

ஒரு வாரம் முன்னதாக, அதே கிழமையில், அதே நேரத்தில் பண்ணைக்குப் போய்ப் பார்த்துவந்த இரண்டு அப்பாக்கள் கழிப்பறைக் கதவுகளை எண்ணி வந்தார்கள். 3 கதவுகள், 42 பிள்ளைகள், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 28 நிமிடம். நாங்கள் திட்டத்தில் 10 நிமிடம்தான் போட்டிருந்தோம். அந்த ஓர் எண்ணால் அன்றைய நேரப் பட்டியலே மாறியது. பாதிப் பேர் கழிப்பறைக்குப் போகும்போது மீதிப் பேர் கன்றுகளைப் பார்த்தார்கள், யாரும் வரிசையில் நின்று அழவில்லை.

ஓட்டுநர் அண்ணனுக்கு இரண்டு காரியங்களுக்காக நன்றி. உடல் நகர்கிறது என்று உட்காது சொல்லும். கண் புத்தகத்தையோ முன்னிருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டு, நகரவில்லை என்று சொல்லும். இந்த முரண்தான் வாந்தியில் முடிகிறது. 2 வயது முதல் 12 வயது வரை இது அதிகம். குமட்டல் வரும் பிள்ளைகளை முன்பக்கம் உட்கார வைத்து, தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லி, பிரேக்கை மெல்ல மிதித்து ஓட்டினார். மற்றது, நாங்கள் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் செய்தது. கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வோர் இருக்கைக்கும் கீழே குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பயணத்திலும் பார்த்தார். தூங்கிப்போன சின்னப் பிள்ளை இருக்கைக்கு அடியில் சரிந்திருந்தால் வாசலில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படியும்படி 42 பேருக்கும் சரிசெய்த உதவியாளரையும் மறக்கவில்லை.

மருந்துப் பையைத் தூக்கிச் சுமந்த அம்மாவே, இன்ஹேலரை நீங்கள் பேருந்தில் விட்டுவிட்டு வராததற்கு நன்றி. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மருந்து கெடும் என்பது ஒன்று. மூச்சுத் திணறும்போது வண்டி எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது இன்னொன்று.

குளக்கரைப் பயணம் முழுக்க எட்டு வெள்ளைத் தட்டுகளை நம்பி நடந்தது. சமையலறையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய தட்டுகள் அவை. வலையில் அள்ளியதை வாளியில் கொட்டினால் சேறும் இருட்டும்தான் தெரியும். வெள்ளைத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் குளத்து நீர் ஊற்றி, அதில் வலையைக் கவிழ்த்து, ஒரு நிமிடம் தொடாமல் காத்திருந்தால் சேறு அடியில் படியும். அதுவரை குப்பை என்று நினைத்தது கால் முளைத்து நடக்கும். அந்த ஒரு நிமிடம்தான் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். எங்களோடு வந்த தாத்தா, "கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு அறுபது எண்ணுங்க பார்ப்போம்" என்றார். நாற்பதை எண்ணுவதற்குள் தட்டில் ஒரு தும்பியின் இளம்பூச்சி நகர்ந்தது. மடித்து வைத்திருந்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டி ஒரு கொசுப்புழுவைப் பிடித்தது. ஆறு தலைகள் ஒரு தட்டின் மேல் முட்டிக்கொண்டன. பறக்கிற தும்பி தண்ணீருக்குள் வளர்ந்தது என்பதை அதற்குப் பிறகு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பூதக்கண்ணாடியைப் பிடிக்கக் கற்றுத் தந்தவரும் அதே தாத்தாதான். பிள்ளைகள் கண்ணாடியைப் பொருளின் மேல் வைத்துவிட்டு, தாங்கள் எட்ட நின்று பார்ப்பார்கள். தெரிவது சின்ன வட்டம்தான். கண்ணாடியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பொருளைக் கிட்டே கொண்டுவர வேண்டும். தட்டை நகர்த்த முடியாதபோது கண்ணாடியும் தலையும் சேர்ந்து குனிய வேண்டும். தட்டுகளை அவர் நிழலிலேயே வைத்திருந்ததும் அறிந்து செய்ததுதான். வெயிலில் ஆழமில்லாத நீர் விரைவில் சூடாகும், சூடான நீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும். 20 நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டார்கள்.

தண்ணீர்ப் பக்கம் நின்ற மூன்று பெற்றோர்களுக்கு எங்கள் நன்றி தனி. குளத்துக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டி, இரண்டு மணி நேரம் அப்படியே நின்றீர்கள். நீங்கள் ஒரு பூச்சியையும் பார்க்கவில்லை. கைப்பேசியில் ஒரு படமும் எடுக்கவில்லை. பிள்ளைகள் மண்டியிட்டுத்தான் வலை போட வேண்டும் என்ற விதியை ஒரு தடவைகூடத் தளர்த்தவில்லை.

பண்ணையில் எங்களுக்குக் கிடைத்த நல்ல பாடம் மாட்டின் வாய். போகும் முன் பிள்ளைகள் வரைந்த மாடுகளுக்கு மேலும் கீழும் பல் இருந்தது. பண்ணையார் மாட்டின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசையில் முன்பற்களே இல்லை, கெட்டியான ஈறுதான். பிறகு நாக்கால் புல்லைச் சுருட்டி இழுப்பதைக் காட்டினார். திரும்பி வந்து வரைந்த படங்களில் நீளமான நாக்கு வந்துவிட்டது. பண்ணையாரே, நீங்கள் சோப்பும் ஓடும் தண்ணீரும் கட்டாயம் என்று நின்றதற்கும் நன்றி. அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. கால்நடைகளிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளை ஆல்கஹால் கொல்வதுமில்லை. கை கழுவி முடித்த பிறகே சாப்பாட்டுப் பை திறந்தது.

தீயணைப்பு நிலையத்தில் வண்டியும் மணியும் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஒரு வீரர் சாதாரணச் சட்டையில் வந்து தன் பெயரைச் சொல்லி, காலணி, கால்சட்டை, மேலங்கி, மூச்சுக்கருவி, முகமூடி, தலைக்கவசம் என ஒவ்வொன்றாக அவர்கள் கண்முன்னே அணிந்தார். முகமூடிக்குள்ளிருந்து பேசினார், மூச்சுச் சத்தத்தைக் கேட்க வைத்தார், தரையில் தவழ்ந்து வந்தார். அந்த உருவத்தைப் புகைக்குள் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை, காப்பாற்ற வந்தவரிடமிருந்தே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். முன்பே பழகியிருந்தால் கையை நீட்டும். பின்வரிசையில் அழ ஆரம்பித்த பிள்ளையைக் கண்டதும் அவர் முகமூடியைக் கழற்றிச் சிரித்துவிட்டு மறுபடி மெதுவாக மாட்டினார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. புகை மேலே போகும், அதனால் குனிந்து தவழ்ந்து வெளியேற வேண்டும் என்பதை 42 பேரும் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

நூலகத்தார் தந்த இட அட்டை சின்னப் பொருள்தான். எடுத்த புத்தகத்தின் இடத்தில் அட்டையைச் செருகினால், அடுக்கைக் கலைக்காமல் பிள்ளையே திரும்ப வைத்துவிடும்.

வகுப்பறைக்குள் நடந்ததற்கும் கடன்பட்டிருக்கிறோம். கண்ணாடிக் குவளைக்கும் ஈரத் தாளுக்கும் நடுவே அவரை விதைகளை வைத்த முதல் முறை பாதி அழுகிப்போனது. குவளையில் தண்ணீர் தேங்கி விதைக்குக் காற்று கிடைக்காததே காரணம். இரண்டாம் முறை, ஓர் இரவு ஊறவைத்த விதைகளைக் கொண்டுவந்து, தாள் ஈரமாக மட்டும் இருந்தால் போதும் என்று காட்டிய பாட்டியால் நான்காம் நாள் வேர் வந்தது. விதையைத் தலைகீழாக வைத்தவர்களின் குவளையிலும் வேர் வளைந்து கீழேதான் போனது. முற்றத்தில் மணல் வாளியில் நட்ட குச்சியின் நிழலைப் பிள்ளைகள் மணிக்கொரு முறை சுண்ணக்கட்டியால் குறித்தார்கள். இரண்டு நாள் முற்றத்தைக் கழுவாமல் விட்ட துப்புரவுப் பணியாளர் அக்கா இல்லையென்றால், நண்பகலை ஒட்டி நிழல் மிகக் குட்டையாவதை அவர்கள் கோடுகளில் கண்டிருக்க மாட்டார்கள். விடுமுறை நாட்களிலும் வந்து புழுப்பெட்டியின் எச்சத்தைத் துடைத்து, அந்தப் புழு தின்னும் அதே செடியின் இலையைப் புதிதாக வைத்தவர்களுக்கும், சொரசொரப்பான குச்சி ஒன்றைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தவருக்கும் நன்றி. கூட்டிலிருந்து வெளிவரும் பட்டாம்பூச்சிக்குத் தொங்குவதற்கு இடம் வேண்டும். இல்லையென்றால் சிறகு சுருங்கிய நிலையிலேயே காய்ந்துவிடும்.

கடைசியாக, செவ்வாய்க்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தவர்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்றும் கண்டார். ஒரு சொல்லில் தடுக்கி நிற்கும் பிள்ளைக்கு முன்னால் மூன்று நொடி மிக நீளம், வாய் தானாகச் சொல்லிக்கொடுக்க வரும். நீங்கள் உதட்டை மூடி, மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தோம்.

எட்டு வெள்ளைத் தட்டுகளையும் கழுவி, ஒன்றோடொன்று மோதாமல் துணி சுற்றி, வகுப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். நூலகத்தின் இட அட்டைகளில் இரண்டு இன்னும் பிள்ளைகளின் பையில் இருக்கின்றன. கண்டெடுத்தவர்கள் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள், நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள்