டிராக்டரை விரட்டாதீர்கள், தடம் குறித்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடற்கரை மணலில் டிராக்டர் ஓட்டுவதற்குத் தடை போட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. காலையில் நடக்க வருகிறவர்களுக்குப் புகையும் சத்தமும் தொல்லை, ஆமை முட்டை நசுங்குகிறது, கரை முழுக்கச் சக்கரத் தடம் என்று குறைகளை அடுக்கியிருந்தார். கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அந்த மாதிரி டிராக்டர் ஓட்டுகிறவன் நான். அவர் சொன்னதை எல்லாம் மறுக்க வரவில்லை. ஆமை விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் டிராக்டர் இல்லாமல் எங்கள் படகுகள் கடலுக்குள் எப்படிப் போகும் என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

என் அப்பா காலத்தில் இந்த வண்டிக்கே வேலை இல்லை. கட்டுமரம் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்தால் தனித்தனிக் கட்டையாகிவிடும். தோளில் தூக்கிப்போய் மேட்டில் காயப்போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்ததெல்லாம் ஃபைபர் படகு. 28 அடி, 30 அடி நீளத்தில் ஒரே உடம்பு, அதை அவிழ்க்க முடியுமா? இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி ஏற்றினால் ஒரு டன்னைத் தாண்டும். உருளைக்கட்டை போட்டு ஐலசா பாடித் தள்ளலாம்தான், அதற்குப் பதினைந்து இருபது பேர் வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அத்தனை பேருக்கு எங்கே போவது? பிள்ளைகளில் பாதி சிறுசேரி பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இன்னும் கடலுக்குப் போகிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய மாமா, சித்தப்பாமார்தான் அதிகம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதில் எத்தனை பேர் என்று எங்கள் தெருவில் வந்து கேட்டால் தெரியும்.

துறைமுகம் இருக்கிற ஊருக்கு இந்தப் பாடு கிடையாது. எங்களுக்குத் திறந்த மணல் கரைதான் துறை. அலை நேராக வந்து உடைகிற இடத்தில்தான் படகை இறக்கவும் வேண்டும், ஏற்றவும் வேண்டும்.

சும்மா போய் முட்டித் தள்ளிவிட்டு வருகிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். படகின் அணியம், அதாவது முன்முனை, கடலைப் பார்த்து நேராக நிற்க வேண்டும். பின்னால் அமரத்தில், இன்ஜினைத் தூக்கிக் கட்டிய பிறகு, அதற்கு ஒரு பக்கமாக டிராக்டரின் முன்பம்பரை வைக்கிறோம். ஃபைபர் விரிசல் விடாமல் இருக்கப் பம்பரில் பழைய டயரைக் கட்டியிருப்போம். அப்புறம் காத்திருப்பதுதான். பெரிய அலைகள் இரண்டு மூன்று சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வைப் பார்த்துப் படகில் இருக்கிற மூத்தவர் "விடு"ன்னு ஒரு குரல் கொடுப்பார். அந்த நொடியில் லோ கியரில் ஒரே சீராகத் தள்ள வேண்டும். தயங்கினால் அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். குறுக்கே திரும்பிய படகு கவிழ அரை நிமிஷம் போதும்.

டிராக்டருக்கும் ஒரு எல்லை உண்டு. முன்சக்கரத்து நடு அச்சு வரைக்கும்தான் தண்ணீர். அதற்கு மேல் போனால் முன்பக்கம் மிதக்க ஆரம்பிக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. தள்ளி முடித்த கையோடு பின்னால் வந்துவிட வேண்டும், அங்கே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. அலை திரும்பும்போது டயருக்கு அடியில் இருக்கிற மணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று அலைக்கு நின்றால் சக்கரம் பாதி உள்ளே போயிருக்கும்.

சனி, ஞாயிறுகளில் பட்டணத்திலிருந்து தூண்டில் போட வருகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லர் கட்டி, அதில் பளபளவென்று சின்னப் படகு. சாலைக்கு வைத்த காற்றோடு அப்படியே மணலில் இறங்குவார்கள். காய்ந்த மணலில் டயர் சுற்றும். சுற்றச் சுற்ற இன்னும் மிதிப்பார்கள். ட்ரெய்லரின் மெல்லிய சக்கரம் அதைவிட ஆழமாக இறங்கும். டயரில் பாதிக் காற்றை இறக்கி, வளைக்காமல் நேராகப் போய், ஈர மணலில் ட்ரெய்லரை மட்டும் நீளக் கயிறு கட்டிப் பின்னோக்கி விட்டால் ஜீப் மேட்டிலேயே நிற்கலாம். சொன்னால் சிலர் கேட்கிறார்கள். கேட்காதவர்கள் கொஞ்ச நேரத்தில் என் போன் நம்பரைத் தேடுகிறார்கள். டிராக்டரைத் தடை செய்தால் அந்த ஜீப்புகளை யார் இழுப்பது என்பதையும் கடிதம் எழுதியவர் யோசிக்கட்டும்!

மணலில் ஓடுகிற டிராக்டர் ஏதோ நம் ஊர் அலங்கோலம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் துறைமுகத்துக்குள் போகாமல் கரையிலிருந்தே மீன்பிடிப் படகுகளை இறக்குகிறார்கள். அங்கே தள்ளுவது புல்டோசர். நியூசிலாந்தில் நாவி என்ற சின்ன மீனவர் ஊரில் கரை நெடுக வரிசையாகப் பழைய புல்டோசர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரெய்லர், அதன்மேல் ஒரு படகு. எங்கள் பையன்கள் மொபைலில் காட்டினார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

சரி, ஆமைக்கு வருகிறேன். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இரவில் கரையேறும். அலை தொடாத மேட்டு மணலில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி பறித்து நூறு, நூற்றைம்பது முட்டை இடும். குஞ்சு வெளியே வர 45 நாளிலிருந்து 60 நாள் வரை ஆகும். அந்த மேட்டில் டிராக்டர் ஏறினால் மணல் இறுகிவிடும் என்பது உண்மை. அதைவிட மோசம் தடம். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு ஆழமான டயர்ப் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அந்தப் பள்ளத்தோடே போய்க்கொண்டிருக்கும். விடிந்தால் காக்கை கொத்திவிடும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, ஓட்டுகிற எங்களுக்கே தெரியும். அதனால்தான் அந்த மாதங்களில் வேலை முடிந்ததும் வண்டிக்குப் பின்னால் ஒரு பனங்கட்டையைக் குறுக்கே கட்டி இழுத்துத் தடத்தைச் சமன் செய்கிறோம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். எங்கள் பக்கமும் வனத்துறைக்காரர்கள் வருகிறார்கள். முட்டை இருக்கிற இடத்தைக் காட்டி அவர்களுக்கு உதவுவது பெரும்பாலும் இந்தக் கரையில் விடியலுக்கு முன்னால் நிற்கிற எங்கள் ஆட்கள்தான்.

2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இழுவை வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் செத்தவை என்றுதான் செய்திகள் வந்தன. அதில் டிராக்டருக்குப் பங்கில்லை. இதைச் சொல்லி எங்கள் தடத்தை நியாயப்படுத்த வரவில்லை. ஆமைக்காகத் தடை கேட்கிறவர் முதலில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நடக்க வருகிறவர்களோடு நாங்கள் ஏன் இடிபடுகிறோம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கரை சுருங்கிவிட்டது. இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எங்காவது கடலுக்குள் கல்லைக் கொட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். அரிப்பைத் தடுக்க இப்போது ஊருக்கு ஊர் கற்சுவரும், கடலுக்குள் கல் கொட்டி நீட்டுகிற தூண்டில் வளைவும் போடுகிறார்கள். சுவரில் படகு ஏற இடைவெளி விடுவதில்லை. மேட்டுப் பக்கம் வேலி போட்ட விடுதிகள். முன்பு படகு நிறுத்திய இடம், வலை காயவைத்த இடம், மக்கள் நடந்த இடம் என்று தனித்தனியாக இருந்தது எல்லாம் ஒரே குறுகிய பட்டையில் வந்து சேர்ந்துவிட்டது. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகையும் ஒரே இரவில் மேலே இழுக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் டிராக்டர் எங்கே, டிராக்டர் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள்.

2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே மீனவர் குப்பங்களையும் அவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் படித்துச் சொன்னார்கள். அந்த வரைபடத்தில் படகு இறங்கும் தடத்தையும் சேர்த்துக் குறியுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒரு குப்பத்துக்கு ஒன்றோ இரண்டோ, மேட்டிலிருந்து தண்ணீர் வரை நேர்த்தடம் போதும். டிராக்டர் அதற்குள்தான் ஓட வேண்டும். கரை நெடுக ஓட வேண்டியிருந்தால் அலை நனைக்கிற ஈர மணலில் மட்டும். ஆமை வருகிற மாதங்களில் இரவில் தடத்தை விட்டு மேட்டு மணலில் ஏறினால் அபராதம் போடட்டும், நாங்கள் தயார். புதிதாகக் கற்சுவர் கட்டும்போது அந்தத் தடத்துக்கு நேராக இடைவெளி விட வேண்டும். புகை பற்றிச் சொன்னதும் நியாயம்தான், பழைய வண்டி. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கக் காசு வேண்டும். உப்புத் தண்ணீரில் நிற்கிற வண்டிக்கு ஹப் பேரிங்கும் செல்ஃப் மோட்டாரும் மாற்றிக் கட்டுப்படியாகவில்லை. தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, கழிவு ஆயில் தடவித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மீன் இல்லாமல் வெறும் வலையோடு வந்தவரிடம் தள்ளுகூலி கேட்பதும் இல்லை.

தடத்தின் இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுகிற வேலையை ஊரே பார்த்துக்கொள்ளும். சவுக்குக் கம்பு எங்களிடம் நிறையக் கிடக்கிறது. மீன்வளத்துறையிலிருந்தும் வனத்துறையிலிருந்தும் ஆளுக்கொருவர் சேர்ந்து வந்து இடத்தைக் காட்டினால் போதும். கடிதம் எழுதிய அந்த வாசகரும் கூட வரலாம். காலை ஐந்து மணிக்கு முன்னால் வந்தால் படகு இறங்குவதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
டிராக்டர் ஓட்டுநர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.