வீடு தேடிப் போன சாப்பாடு: சட்டம் தந்ததும் தராததும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் மக்கள்நல அரசைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1948 ஜூலை 5-ல் அரசு மருத்துவத் திட்டமான தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் தொண்டர்களின் வேலை முடிந்துபோனது என்று அதில் இருக்கிறது. மருத்துவமனை நிர்வாகத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. வீட்டில் தனியாக இருந்த முதியவர்களைப் பொறுத்தவரை துளியும் சரியில்லை.

சட்டத்தை எடுத்துப் பார்த்தாலே இது தெரியும். வீட்டு வேலைக்கு உதவியாளரைச் சம்பளத்துக்கு அமர்த்த 1946-ன் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. முதியவர்களின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக அப்படி எதுவும் இல்லை. 1948-ன் தேசிய உதவிச் சட்டம், 31-ஆம் பிரிவில், முதியவர்களுக்கு உணவு வழங்கும் தொண்டு அமைப்புக்கு நிதி கொடுக்கலாம் என்றதோடு நின்றுவிட்டது. உள்ளாட்சியே நேரடியாக வழங்க 1962-ன் திருத்தம் வரவேண்டியிருந்தது. நடுவில் பதினான்கு வருஷம்! அந்தக் காலத்தில் பெரும்பங்கு பாரத்தைச் சுமந்தது, 1938-ல் லேடி ரீடிங் தொடங்கிய பெண்கள் தன்னார்வ சேவை. ஊர் ஊராக உழைத்த அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. சீருடையைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள்.

சாப்பாடு கொண்டுபோவது கேட்க எளிதாக இருக்கும். போர்க்காலத்தில் சில ஊர்களில் பழைய குழந்தை வண்டியில் வைக்கோல் அடைத்து, அதற்குள் பாத்திரத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு காரும், சூடு தாங்கும் பெட்டிகளும் வந்தன. ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் பரிமாறுவார். முதல் சிக்கல் சூடுதான். ஒவ்வொரு வாசலிலும் மூடியைத் திறக்கத் திறக்க ஆவி போகும். கடைசி வீட்டுக்குப் போகும்போது குழம்பு வெதுவெதுப்பாகி, உருளைக்கிழங்கு மசியல் இறுகிப்போயிருக்கும். அதனால் ஒரு சுற்றில் எத்தனை வீடு என்பதைப் பெட்டியில் உள்ள இடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, கடைசித் தட்டின் சூட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படியேறி, கதவு திறக்கும்வரை காத்திருந்து, நேற்றைய தட்டைக் கழுவி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர ஆகும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். பேச்சைக் குறைத்தால் சூடு மிஞ்சும்தான். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு வேறு யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வாசலில் எடுக்காமல் கிடக்கும் பால் புட்டியையும், எரியாத கணப்பையும், வீங்கிய காலையும் முதலில் பார்த்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் மாவட்டச் செவிலியருக்குச் சொல்லக்கூடியவர் பல வீடுகளில் இந்தப் பெண்தான்.

அடுத்த சிக்கல் சமையலறை. தொண்டு அமைப்புக்குச் சொந்த அடுப்பு கிடைப்பது அரிது. பள்ளிச் சமையலறையை நம்பிய இடத்தில், விடுமுறை விட்டால் கிழவருக்கும் சாப்பாடு இல்லை. 1956 டிசம்பரில், எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி எழுந்த நெருக்கடியால் பெட்ரோலுக்கு மறுபடி பங்கீடு வந்தபோது வண்டி ஓட்டுவதே திண்டாட்டம். பொதுவாகவே பெரும்பாலோருக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் சாப்பாடு போனது. இதைத் தொண்டர்களின் குறையாகச் சொல்வது அநியாயம். பரிமாற ஆள் இருந்த ஊரிலும் அடுப்பும் வண்டியும் பணமும் இல்லாவிட்டால் சாப்பாடு போகும் நாள் அதிகமாகாது. அந்த மூன்றும் உள்ளாட்சி மனம் வைத்தால்தான் வரும்.

உங்கள் கட்டுரை அடியோடு விட்டுவிட்டது நலவாழ்வு உணவுத் திட்டத்தை. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய், தேசியப் பால்பவுடர். 1954-ல் உணவுப் பங்கீடு முடிந்து, உணவு அமைச்சகத்தின் உள்ளூர் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, விநியோகம் உள்ளூர் சுகாதார நிர்வாகத்துக்கு வந்தது. குழந்தை நல மையங்களிலும் கிராம மண்டபங்களிலும் மேசை போட்டு உட்கார்ந்தவர்களில் பெரும்பகுதி இதே பெண்கள். கூப்பனைச் சரிபார்த்து, காசு வாங்கி, இருப்போடு கணக்கை ஒப்பிட வேண்டும். ஒரு டின் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அது பொழுதுபோக்கு வேலை இல்லை. மீன் எண்ணெயைக் குழந்தைகள் துப்பிவிடும் என்று தாய்மார் வாங்காமலே போவார்கள். எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோய் வராமல் காப்பது அந்த எண்ணெயில் உள்ள வைட்டமின் டி என்று எடுத்துச் சொல்ல, மேசைக்குப் பின்னால் பொறுமையான ஒருவர் தேவை.

மருத்துவமனைத் தள்ளுவண்டிக் கடை, புத்தக வண்டி இவற்றை நீங்களே எழுதியிருப்பதால் விட்டுவிடுகிறேன். இன்னொரு திருத்தம் மட்டும்: 1953 கிழக்குக் கடற்கரை வெள்ளத்தில் துணியும் சாப்பாடும் கொடுத்த இதே பெண்கள் தன்னார்வ சேவையின் பெயரில் ‘ராயல்’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்தச் சொல் 1966-ல்தான் சேர்ந்தது. அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி