சுவர் காய்வதற்குள்

அன்புள்ள வசந்தி,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. உன் மாமியார் காரியத்துக்குக்கூட ஒரு போன் போடாதவள் நான். பெண்ணுக்குப் பிரசவம், விசா, விமானம் என்று என்ன சாக்குச் சொன்னாலும் உன்னிடம் எடுபடாது, அதனால் சொல்லப்போவதில்லை. பேத்தி நன்றாக இருக்கிறாள். அச்சு அசல் நம்ம ஹாஸ்டல் வார்டன் மாதிரி முறைக்கிறாள். என் முழங்கால் பழையபடிதான். மெக்சிகோ நகரம் ஏழாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அப்படி மூச்சு வாங்கி ஒரு படிக்கட்டில் நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது.

நீ கேட்டிருந்தாயே, ஸ்கூல் காம்பவுண்டுச் சுவர், அறுபதடி, "நம் பெருமை" என்று ஏதாவது வரைந்து கொடுங்கள் டீச்சர் என்கிறார்கள், பெருமைக்கு என்னடி கலர் என்று. படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். இங்கே வந்து பார்த்தால் ஒரு நாடே அதே கேள்வியோடு முப்பது வருஷம் சாரத்தின் மேல் ஏறி நின்றிருக்கிறது.

1910இல் தொடங்கிய புரட்சி பத்து வருஷம் ஊரைப் புரட்டிப் போட்டது. முடிந்தபோது பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஒவ்வொரு மலைக்கும் ஒரு மொழி, ஸ்பானியன் வந்த நாளிலிருந்து நிறம் வெளுத்தவனுக்குத்தான் மரியாதை. இவர்களையெல்லாம் சேர்த்து "நாம்" என்று எப்படிச் சொல்வது? 1921இல் கல்வி மந்திரியான வாஸ்கொன்செலோஸ் அரசாங்கக் கட்டடச் சுவர்களைத் தூக்கி ஓவியர்களிடம் கொடுத்துவிட்டார். ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் எல்லோரும் வந்தார்கள். சங்கம் வைத்தார்கள், சட்டம் போட்டு மாட்டுகிற படம் பணக்காரன் வீட்டுக் கூடத்துக்கு, எங்களுக்குச் சுவர்தான் என்று அறிக்கையும் விட்டார்கள். (நீ இருந்திருந்தால் முதல் கையெழுத்து உன்னுடையதுதான்.)

இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று. புரட்சியின் ஓவியர் என்று கொண்டாடப்படும் டியேகோ ரிவேரா, புரட்சி நடந்த அந்தப் பத்து வருஷமும் கிட்டத்தட்ட முழுக்க ஐரோப்பாவில் இருந்தார். இங்கே துப்பாக்கி வெடிக்கும்போது ஐயா பாரிஸில், உருவத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துப் போடுகிற கியூபிசம் வரைந்துகொண்டிருந்தார். 1921இல் திரும்பியவரை, முதலில் நாட்டைப் பாரும் என்று மந்திரி யுகத்தான் பக்கம் மாயன் கோயில்களுக்குக் கூட்டிப்போனார். பார்க்காததை வரைந்தவர்கள் நாம் மட்டும் இல்லை வசந்தி. அந்த யானையை நினைத்து இனிமேலாவது வெட்கப்படாதே.

மாப்பிள்ளை முதலில் கூட்டிப்போனது கல்வி அமைச்சகக் கட்டடத்துக்கு. இரண்டு முற்றம், மூன்று மாடி, 1923 முதல் 1928 வரை ரிவேரா வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சுரங்கக்காரன், சாயம் தோய்ப்பவர்கள், கரும்பு வெட்டுபவர்கள், இறந்தோர் நாள் திருவிழா, துப்பாக்கி பங்கிடும் ஃப்ரீடா (அவளும் ஓவியர், பின்னால் ரிவேராவின் மனைவி). மேல்மாடியில் ஒரு சாப்பாட்டு மேசை, தலைமாட்டில் ஒருவர் ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறார். ஆழமான கண், நம்ம ஊர் முகம். யார் என்கிறாய்? பாண்டுரங்க் கான்கோஜே என்று சொல்கிறார்கள். வார்தாக்காரர், கதர் கட்சியில் (கதர்த்துணி இல்லை, அமெரிக்காவில் இந்தியர்கள் தொடங்கிய புரட்சிக் கட்சி) இருந்து வெள்ளைக்காரனுக்குத் தப்பி ஓடியவர், இங்கே சாப்பிங்கோ விவசாயப் பள்ளியில் சோளமும் கோதுமையும் ஆராய்ச்சி செய்தவர், ரிவேராவுக்கு நண்பர். கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை பயந்து தண்ணீர் வாங்கப் போய்விட்டார்.

அப்புறம் உனக்குப் பிடிக்கிற விஷயம், சுண்ணாம்பு. ஈரச் சாந்தில் வரைவது. அன்றைக்கு வரையப்போகிற அளவுக்கு மட்டும் கொத்தனார் கடைசிப் பூச்சு பூசிக் கொடுப்பார், அது காய்வதற்குள், சில மணி நேரத்தில், தண்ணீரில் குழைத்த நிறத்தை வைத்து முடித்துவிட வேண்டும். காய்ந்துபோனால் தொடக்கூடாது, செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூச்சிலிருந்துதான். கொத்தனார் கை சரியில்லை என்றால் ரிவேராவே ஆனாலும் ஒன்றும் நடக்காது. பழைய மெக்சிகோக்காரர்களின் வித்தை என்று சப்பாத்திக் கள்ளிச் சாற்றையும் ஆரம்பத்தில் நிறத்தோடு கலந்து பார்த்திருக்கிறார், திட்டுத் திட்டாகக் கறை படிந்ததும் விட்டுவிட்டார். நாம் வேலியில் வெறுத்து வைத்திருக்கும் அந்தக் கள்ளியை இங்கே பொரியல் மாதிரி செய்து சாப்பிடுகிறார்கள்டி. கொஞ்சம் வெண்டைக்காய் வழுவழுப்பு, பரவாயில்லை.

சரி, படிக்கட்டுக்கு வருகிறேன். தேசிய மாளிகை, ஜனாதிபதியின் இடம். பெரிய படிக்கட்டின் மூன்று சுவரிலும் இந்த நாட்டின் கதை மொத்தமும், 1929இலிருந்து 1935 வரை. நடுவில் இந்த நாட்டின் சின்னமான கள்ளிமேல் கழுகு, சுற்றிலும் ஆள்மேல் ஆளாக நூற்றுக்கணக்கான முகங்கள், பொங்கலன்று கோயம்பேடு மாதிரி நெரிசல். ஒரு பக்கச் சுவர் உச்சியில் கார்ல் மார்க்ஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஜனாதிபதி மாளிகையில்!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது இல்லை. மேல்மாடித் தாழ்வாரத்தில், 1951இல் வரைந்தது, ஸ்பானியர்கள் வெராகுருஸில் வந்து இறங்கும் காட்சி. கீழே படிக்கட்டுச் சுவரில் கவசம் போட்டுக் குதிரைமேல் ஜம்மென்று இருந்த அதே கோர்த்தேஸ், இந்த நாட்டைப் பிடித்த ஸ்பானியப் படைத்தலைவன், இங்கே முட்டி வீங்கி, கூன் விழுந்து, முகம் பாசி பிடித்த மாதிரி. இடையில் 1946இல் அவன் எலும்புகள் கிடைத்திருந்தன, அதை வைத்து நோயாளியாக்கிவிட்டார். அதே ஆள், அதே கட்டடம், இருபது வருஷ இடைவெளி. கூட்டத்துக்கு நடுவே ஒரு பழங்குடிப் பெண், முதுகில் துணியில் கட்டிய குழந்தை. குழந்தைக்கு வெளிர்ந்த கண். எல்லோரும் அவரவர் வேலையில் இருக்க அது மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு டீச்சர் பிள்ளைகளிடம் அதைக் காட்டி ஏதோ சொன்னார், ஒரு பையன் கண்ணை அகல விரித்து அந்தக் குழந்தையையே உற்றுப் பார்த்தான். அவனுக்குக் கறுப்புக் கண்.

அந்தப் பெண்ணை மலிஞ்சே என்கிறார்கள். 1519இல் கோர்த்தேஸுக்கு அடிமையாகக் கொடுத்த இருபது பெண்களில் ஒருத்தி. இரண்டு மொழி தெரிந்ததால் அவனுக்குத் துபாஷி ஆனாள், அவனுக்கே பிள்ளையும் பெற்றாள். கலந்து பிறந்தவர்கள்தான் மெக்சிகோ என்று புது நாடு சொல்லிக்கொண்டபோது இவள்தானே முதல் அம்மா? ஆனால் இன்றைக்கும் வெளிநாட்டுப் பொருளைக் கொண்டாடுகிறவனை "மலிஞ்சிஸ்தா" என்றுதான் திட்டுகிறார்கள். பிள்ளை வேண்டும், அம்மா ஆகாது!

ஒரோஸ்கோ இதற்கு முன்பே, 1926இல், சான் இல்தெஃபோன்சோ கல்லூரிப் படிக்கட்டு வளைவில் இவர்கள் இரண்டு பேரையும் மட்டும் வரைந்திருக்கிறார். கொடி கிடையாது, குதிரை கிடையாது. இருவரும் துணியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் வெள்ளைக் கல் மாதிரி, அவள் மண் மாதிரி. ஒரு கையால் அவள் கையைப் பிடித்திருக்கிறான், இன்னொரு கை அவள் உடம்புக்குக் குறுக்கே, அணைக்கிறதா தடுக்கிறதா என்று தெரியாதபடி. காலுக்கடியில் ஓர் உடல் குப்புறக் கிடக்கிறது. சின்ன வயதில் வெடிமருந்து வெடித்து இடது கையை இழந்தவர் அவர். கைகளை அந்த அளவுக்குப் பார்த்து வரைந்தது அதனாலா என்று நான் நினைத்துக்கொண்டேன், நீ "ஆரம்பிச்சுட்டா" என்பாய். ரிவேராவைப் பார்த்தால் எல்லோருக்கும் இடம் இருக்கிற பெரிய வீட்டுக்குள் போன மாதிரி, ஒரோஸ்கோவைப் பார்த்தால் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்தைக் கேட்டுவிட்ட மாதிரி. எனக்கு இப்போது இரண்டாவதுதான் தூக்கத்தில் வருகிறது.

ஹாஸ்டல் மொட்டைமாடியில் நீ சொன்னாயே, சுவர் யாருடையதோ படம் அவனுடையது என்று. அன்றைக்கு உன்னோடு மூன்று நாள் பேசவில்லை. நீ சொன்னது பாதிக்குமேல் சரி என்று ஒத்துக்கொள்கிறேன், கொண்டாடிக்கொள். 1929இல் உருவான கட்சி பெயர் மாற்றி மாற்றி 2000 வரை நாட்டை ஆண்டது, அந்தப் படங்கள்தான் அதற்கு முகப்பூச்சு. சிக்கெய்ரோஸை 1960இலிருந்து நாலு வருஷம் ஜெயிலில் போட்டதும், 1968இல் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டதும் புரட்சியின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட அந்த ஆட்சிதான். சுவரில் பழங்குடிகள் ராஜாக்களாக நிற்கிறார்கள். 1994இல் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள் துப்பாக்கி தூக்கினார்கள், நிலமும் மரியாதையும் கேட்டு. மாளிகையை விட்டு வெளியே வந்தால் நடைபாதையில் ஒரு அம்மா துணி பொம்மை விற்கிறாள், உள்ளே வரைந்திருக்கிற அதே பின்னல், முதுகில் அதே மாதிரி ஒரு குழந்தை. போலீஸ்காரர் வந்ததும் துணியின் நாலு முனையையும் சேர்த்து ஒரே இழுப்பில் மூட்டையாக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மீதிப் பாதி அந்தப் பையனின் கண்ணில் இருக்கிறது. அதை உன்னிடம் வாதாடி ஜெயிக்க எனக்குத் தெரியவில்லை.

உன் சுவருக்கு வருவோம். ராஜா, கோபுரம், புலி எல்லாம் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் விடமாட்டார்கள். எங்காவது ஒரு மூலையில் அந்த ஸ்கூல் பிள்ளைகளில் ஒன்றை, நேராகப் பார்க்கிற மாதிரி வை. மாவட்ட அதிகாரி வந்து பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு, உனக்கா சொல்லித்தர வேண்டும்?

அது சுண்ணாம்புப் பூச்சா, சிமென்ட்டா? சிமென்ட் என்றால் நான் மேலே எழுதிய ஈரச் சாந்துக் கதையெல்லாம் வீண், எமல்ஷன்தான். மழைக்கு முன்னால் ஆரம்பிக்கிறாயா என்று உடனே எழுது. நான் டிசம்பரில் வருகிறேன், பிரஷ் கழுவ ஆள் வேண்டும் என்றால் சொல்.

உன்,
முழங்கால்