சோதனையை என் வேலியிலிருந்து தொடங்குங்கள்

மேற்கு மலையடிவாரத்து வனச்சரகங்களில் பொறுப்பில் இருக்கும் சரகர்களுக்கும் வனவர்களுக்கும் வணக்கம்.

காப்புக்காட்டு எல்லைக் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. மானாவாரியில் கடலை, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் மக்காச்சோளம், மாட்டுக்குச் சோளத்தட்டு. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலைக்குப் போகிறார். தோட்டத்தைப் பார்ப்பது நானும் மாமியாரும்தான். பெயரும் ஊரும் போடாமல் எழுதுகிறேன், ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

போன மார்கழியில் ஒரு நாள் காலை பால் வைக்கும் நேரத்துக்கு எங்கள் நாய் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கிளுவை வேலி. பன்றி நுழைந்து நுழைந்து அதில் ஒரு சந்து விழுந்திருக்கிறது. சந்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேம்பின் அடியில் நாய் படுத்திருந்தது. இடுப்பில் கம்பி இறுகியிருந்தது. பைக்கின் கிளட்ச் ஒயர். ஒரு முனையை மரத்தில் சுற்றி, மறுமுனையை வளையமாக்கிச் சந்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இழுக்க இழுக்க இறுகுமே தவிரத் தளராது. அரிவாளால் ஒன்றும் ஆகவில்லை. மாமியார் மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். அறுத்து முடிக்கும்வரை அந்த நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. என் கையை நக்கிக்கொண்டே இருந்தது.

அதை விடுவித்த பிறகுதான் மரத்தைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்திருந்தது. கம்பி தின்ற தடம் மூன்று. ஒன்று பழையது, காய்ந்து கறுத்துவிட்டது. ஒன்றில் பிசின் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாக, ஒரு புல் இல்லாமல் மண் கிளறிக் கிடந்தது. எங்கள் நாய் கிளறி அவ்வளவு மண் பெயராது. அதற்கு முன்னால் பெரிதாக ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க அந்த வேம்பைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

இதை வைத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் என்று சொல்லிவிட முடியாது. அவர் நிலத்தில் வேறு யாரோகூட வந்து கட்டியிருக்கலாம். என்னிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான், அதைச் சந்தேகமாகவே சொல்கிறேன்.

ராத்திரி வெடிச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. பன்றியை விரட்ட எல்லோரும் வெடி போடுகிறோம். போட்டவுடன் ஆள் கத்துவார், தகரத்தைத் தட்டுவார், பேட்டரி லைட்டை நாலு பக்கமும் அடிப்பார். நான் சொல்லும் சத்தத்துக்குப் பின்னால் இதெல்லாம் இருக்காது. ஒரே ஒரு சத்தம், அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து ஓடைப் பக்கம் இரண்டு வெளிச்சம் பேச்சில்லாமல் நகரும். அப்படி ஒரு ராத்திரிக்கு மறுநாள் விடியும் முன்னே பக்கத்துத் தோட்டத்துக்காரர் தூக்குப்போசியில் கறி கொண்டு வந்தார். "ஆட்டுக்கறிதான் அம்மிணி, குழந்தைக்கு ஆக்கிக் கொடு" என்றார். மாமியார் மூடியைத் திறந்தார். தடித்த தோலும் விரற்கடைக் கொழுப்புமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்றைக்குச் சனிக்கிழமைங்க மாமா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதோடு கறி வருவது நின்றது, பேச்சும் குறைந்தது.

அவர் எனக்கு மாமன் முறை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நின்று பந்தல் போட்டவர். எங்கள் தோட்டத்துக்கு வண்டித்தடம் அவர் நிலத்தின் வழியாகத்தான். கோடையில் எங்கள் கிணறு வற்றினால் அவர் கிணற்றுத் தண்ணீர்தான் எங்கள் மாட்டுக்கு.

அப்புறம் மாசியில் அந்த மான். முன்னங்காலில் கம்பியோடு ஒரு புள்ளிமான் வேலியைத் தாண்டி எங்கள் சோளக்காட்டுக்குள் வந்து விழுந்து செத்தது. கால் எலும்பு தெரிந்தது. செத்த வனவிலங்கு நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான் ஒரு மணி நேரத்துக்குள் போன் செய்தேன். ஆட்கள் வந்தார்கள், அதில் குறையில்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உங்க பட்டாவிலதானே கிடக்குது?" ஆமாம், என் பட்டாவில்தான் கிடந்தது. கம்பி மாட்டிய இடம் எது, மான் எந்தப் பக்கமிருந்து வந்தது, வேலியில் ரத்தம் இருக்கிறதா என்று யாரும் நடந்து பார்க்கவில்லை. மூன்று தாளில் என் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள், போன் செய்தது நான்தான் என்று டீக்கடைவரை தெரிந்துவிட்டது. மறுநாள் வண்டித்தடத்துக்குக் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தது.

எந்த அலுவலகம், எந்த அலுவலர் என்று எழுத மாட்டேன். ஒருவர் மேல் பழி போட்டுவிட்டு ஓய இந்த மடலை எழுதவில்லை. அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை" என்று சொல்ல ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வேட்டை எல்லைக் கோட்டில் நடக்கிறது. சுருக்கு ஒரு பக்கம் இருக்கும், அடிபட்டது இன்னொரு பக்கம் வந்து சாகும். வனவிலங்கின் உடல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அது தவறான வழியில் வந்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். கடத்தல்காரனைப் பிடிக்க அந்த விதி தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தகவல் சொன்னவளிடம் அதே கண்ணோடு வந்தால், அடுத்த மானை அவள் ராவோடு ராவாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுவாள்.

மாமாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலையை உழுது போட்டதுபோலப் புரட்டிவிட்டுப் போகும். விடிந்ததும் அந்தக் காட்டில் போய் நின்றவருக்கு வரும் ஆத்திரம் நியாயமானது, எனக்கும் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு ஓர் ஏற்பாடு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடிக்கலாம், முதல் கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. சரி. காட்டை ஒட்டிய இடம் காட்டு விலங்குக்கு விட்ட இடம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் எல்லோரும் அந்த முதல் கிலோமீட்டரில்தான் இருக்கிறோம். எங்களுக்கு என்ன வழி என்று யாராவது வந்து உட்கார்ந்து பேச வேண்டாமா? பயிர்ச் சேதத்துக்கு மனு கொடுத்தேன். போட்டோ, சிட்டா, வி.ஏ.ஓ. கையெழுத்து, பேங்க் புத்தகம் என்று மூன்று தடவை நடந்தேன். வந்த பணம் விதைக் கடலைக்குக்கூடக் காணவில்லை.

இதையெல்லாம் ஒத்துக்கொண்டாலும், நாய் மாட்டியது மார்கழியில். மாமா கடலை பிடுங்கியது ஐப்பசியில். அந்த வேலிக்கு அந்தப் பக்கம் அப்போது காக்க ஒரு செடிகூட இல்லை. பயிருக்காக வைப்பவர் அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார். கறிக்காக வைப்பவருக்கு மார்கழிப் பனியும் ஆள் நடமாட்டம் இல்லாத காடும்தான் நல்ல காலம். நீங்கள் ரோந்து வருவது காட்டுக்குள். இது நடப்பது பட்டா நிலத்தில், வேலியோரத்தில்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டும் இல்லை, கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. "பன்னிக்கு வச்சது, அதுக்கென்ன கேசு" என்கிறார்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் நாளைக்குச் சிறுத்தையோ, அலங்கு என்கிற எறும்புதின்னியோ மாட்டினால் அது முதல் அட்டவணை, சட்டம் கடும் பாதுகாப்புக் கொடுக்கும் விலங்குகளின் பட்டியல். 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இதைச் சொல்லியிருந்தால் அந்தக் கம்பியைக் கட்டியவர் அதைக் கட்டியிருக்கவே மாட்டாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

கம்பியோடு போனாலும் பரவாயில்லை. அந்த ஒற்றைச் சத்தம் அவுட்டுக்காயோ, தீனிக்குள் மறைத்து வைத்து, கடித்தால் வெடிக்கும் வெடியோ என்பதுதான் என் பயம். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெள்ளியாற்றில் வாய் சிதைந்து நின்றே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. கோவைக் காடுகளிலும் அவுட்டுக்காய் கடித்து யானைகள் செத்திருக்கின்றன. மேயப் போன மாடு கடித்தாலும் அதே கதிதான். என் மகள் பள்ளிக்கூட வேன் பிடிக்க அந்த வேலியோரமாகத்தான் நடக்கிறாள். கீழே கிடப்பது எதுவானாலும் தொடாதே என்று தினமும் சொல்லி அனுப்புகிறேன். கரன்ட் வேலி இன்னொன்று. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் செத்தன, குட்டிகள் இரண்டு அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றன. அதே ஆண்டு மின்வேலிக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று விதி வந்தது. விட்டுவிட்டு அடிக்கும் சோலார் வேலி வேறு, மோட்டார் லைனிலிருந்து நேராக இழுக்கும் கம்பி வேறு என்பதை வயலில் வைத்துக் காட்டிச் சொல்ல இதுவரை எங்கள் பக்கம் ஆள் வரவில்லை.

இனி நான் கேட்பது. மாமா தோட்டத்தைச் சோதனை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை மட்டும் போட்டால் சொன்னது நான் என்று ஊருக்கே தெரியும். காப்புக்காட்டை ஒட்டிய பட்டா நிலம் அத்தனையையும், ஒரு தோட்டம் விடாமல், வரிசையாக வேலியோரம் நடந்து பாருங்கள். எல்லோருக்கும் செய்தால் யாருக்கும் கோபம் வராது, யார் சொன்னது என்ற பேச்சும் எழாது. தேதி முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கார்த்திகையில் ஆரம்பித்து மாசிவரை மாதம் இரண்டு தடவை வந்தால் போதும். வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் கூட்டி வாருங்கள். அவர்களில் பலர் இந்த மலையிலேயே பிறந்தவர்கள், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே கம்பி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு கட்டிங் பிளேயர் கொடுங்கள். எங்கள் ஊர் வரிசையில் என் வேலியிலிருந்தே தொடங்குங்கள். என் மோட்டார் ரூம், என் மாட்டுச்சாளை எல்லாவற்றையும் திறந்து விடுகிறேன்.

போனில் தகவல் சொல்பவரின் பெயர், போனை எடுத்தவரோடும் சரகரோடும் நிற்கட்டும். அதை டீக்கடையில் சொல்வது உங்கள் ஆட்களுக்கு ஒரு பேச்சு. எனக்கு அது வண்டித்தடம், மாட்டுக்குத் தண்ணீர்.

அப்புறம் கிராம சபை. வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. நவம்பர் 1 கூட்டம் எங்களுக்குக் கடலை அறுவடை முடியும் நேரம், கம்பி வெளியே வரும் நேரமும் அதுதான். அன்றைக்குச் சரகர் ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசட்டும். சட்டத்தைச் சொல்லட்டும், சேத மனுவை அங்கேயே வாங்கட்டும், பன்றிக்கு என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்லட்டும். திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் பட்ட நஷ்டம் பொய்யில்லை.

60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நானே நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு வக்கீல் சொன்னார். நாலு ராத்திரி யோசித்தேன். பந்தல் போட்டுக் கொடுத்த மனுஷனுக்கு எதிரே கூண்டில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சிறைக்குப் போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த வேம்பில் இனிக் கம்பி இருக்கக் கூடாது. அதை அவரிடம் நான் சொன்னால் பகை, நீங்கள் எல்லோரிடமும் சொன்னால் சட்டம்.

போன வாரம் அதே சந்தில் புதுக் கம்பி. இந்தத் தடவை அறுக்கவில்லை. எதுவும் மாட்டாதபடி வளையத்தை இறுக்கி மூடிவிட்டு, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எந்த ஊர் என்று இங்கே எழுத முடியாது. அடிவாரத்தில் எந்த மூலையில் ஆரம்பித்து நடந்தாலும் ஒரு நாள் என் வேலிக்கும் வந்துவிடுவீர்கள். இடுப்பைச் சுற்றி முடி முளைக்காத ஒரு நாய் முதலில் குரைக்கும். கடிக்காது, உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
காப்புக்காட்டு ஓரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெண்