நம் ஊர் அங்கன்வாடிக்குக் கழிப்பறையும் சுற்றுச்சுவரும்: கட்டடக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் அங்கன்வாடி மையத்தில் இப்போது 34 குழந்தைகள் பதிவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற உயரத்தில் இரண்டு கழிப்பறைகள், கை கழுவும் தொட்டி, தண்ணீர்க் குழாய், மையத்தைச் சுற்றி மதில் ஆகியவற்றைக் கட்டுவதற்கு 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட்டுக் கொடுத்திருக்கிறார். ‘நமக்கு நாமே’ திட்டத்தின்படி மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்தினால், மற்ற இரண்டு பங்கை அரசு தரும். நம் பங்கான 3 லட்சத்தில் இதுவரை 1,12,500 ரூபாய் சேர்ந்துள்ளது. மீதி 1,87,500 ரூபாய்க்காகவே இந்த வேண்டுகோள்.

“அங்கன்வாடி அரசாங்கத்துடையது, அதற்கு நாம் எதற்குப் பணம் போட வேண்டும்?” என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தையும், 1982இல் தமிழ்நாட்டில் வந்த சத்துணவுத் திட்டத்தையும் வளர்த்தெடுத்தது மக்களின் வரிப்பணம். ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடிச் சேவை கிடைக்க வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அந்தக் கடமையிலிருந்து அரசை விடுவிப்பது எங்கள் நோக்கமல்ல. முட்டை, சத்துமாவு, மதியச் சாப்பாடு, டீச்சர், ஆயா ஆகியோரின் ஊதியம் என அரசு இன்றும் செலவிட்டு வருகிறது. அந்தச் செலவின் பலன் குழந்தையின் உடம்பில் ஒட்டாமல் போவதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது என்பதே எங்கள் கவலை.

மையத்தில் இருப்பது பெரியவர்களுக்கான ஒரே ஒரு கழிப்பறை. அதன் கதவு பெயர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அதன் படியே எட்டாது. ஆகவே பிள்ளைகள் பின்பக்கத்து வேலிக்காத்தான் ஓரமாக ஒதுங்குகிறார்கள், பெரும்பாலும் வெறுங்காலோடு. கொக்கிப்புழுவின் இளம்புழு அப்படி மாசுபட்ட ஈர மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து உடம்புக்குள் சென்று, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை வயிற்றைச் சுத்தம் செய்யுமே தவிர மண்ணைச் சுத்தம் செய்யாது. அதே இடத்தில் மறுபடியும் கால் வைத்தால் மறுபடியும் தொற்றும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கும் மேல் இரத்தசோகை உள்ளவர்கள். நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் நம் கைக்கு எட்டுவது கழிப்பறை.

மாதந்தோறும் எடை போடும் நாளில் வந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தராசை வேப்பங்கிளையில் மாட்டி, குழந்தையைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டு, முள் நின்றதும் டீச்சர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார். பச்சைப் பட்டையில் ஏறிக்கொண்டிருந்த கோடு, வயிற்றுப்போக்கு வந்த மாதத்தில் மஞ்சளுக்குச் சரிந்து, பழைய இடத்துக்கு வர மூன்று நான்கு மாதம் பிடிக்கிறது. இரண்டு வயதுக்குள் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது என்பதை நினைத்தால், அந்த மூன்று நான்கு மாதம் சிறிய காலம் அல்ல.

மதிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜல்லி லாரிகள் போகும் சாலை மைய வாசலிலிருந்து பதினைந்து அடிதான். ஆயா அடுப்படியில் இருந்த நேரத்தில் சாலைக்குப் போய்விட்ட ஒரு சிறுவனை, எதிரே டீக்கடையில் நின்றவர் தூக்கிவந்து விட்டதை ஊரே அறியும்.

கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போட்டபோது யாரையும் இரண்டாம் முறை கேட்க நேரவில்லை. இதற்கு வரி போடும் எண்ணம் குழுவுக்கு இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர் தரும் ஐம்பது ரூபாய்க்கும், சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருந்து நம் பிள்ளைகள் அனுப்பும் தொகைக்கும் ஒரே புத்தகத்தில்தான் ரசீது. செங்கல்லாகவும் மணலாகவும் தர முன்வந்தவர்களுக்கு நன்றி. ஆனால் ஊர்ப்பங்கைப் பணமாகவே செலுத்தவேண்டியிருப்பதால், அவற்றை மையத்தின் முன்வாசலைச் சமன்படுத்தும் வேலைக்குப் பெற்றுக்கொள்கிறோம்.

பணம் குழுவின் தலைவர், பொருளாளர் இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் உள்ளது. வரவு விவரம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். நம் பங்கை மாவட்ட நிர்வாகத்திடம் செலுத்திய பிறகே வேலைக்கு அனுமதி கிடைக்கும் என்பதாலும், ஐப்பசி மழைக்கு முன் அஸ்திவாரம் எழும்ப வேண்டும் என்பதாலும், ஆடி முடிவதற்குள் தங்கள் நன்கொடையைக் குழு உறுப்பினர் எவரிடமாவது கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். எக்காரணத்தாலோ அரசின் அனுமதி கிடைக்காமல் போனால், ரசீதைக் காட்டிப் பணத்தை முழுமையாகத் திரும்பப் பெறலாம்.

இப்படிக்கு,
அங்கன்வாடிக் கட்டடக் குழுவினர்