பட்ட மரத்தை உடனே தறிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனி உருகியதும் வளவைத் துப்புரவாக்கத் தொடங்கும் ஒன்ராறியோ வாசகர்களிடம் சிக்கடீக்காக ஒரு வேண்டுகோள். "சிக்-அ-டீ-டீ" என்று தன் பெயரைத் தானே சொல்லித் திரியும் இந்தக் கருந்தலைக் குருவியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். கடுங்குளிரிலும் தெற்கே போகாது. ஆனால் கூடு வைக்க அதற்கு உக்கிய மரம் வேண்டும்.

மரங்கொத்தியைப் போல வைரமான மரத்தைத் துளைக்க அதன் குட்டி அலகால் முடியாது. வெளியே பட்டை இறுகி, உள்ளே மரம் உக்கிப் பஞ்சாகிப்போன பேர்ச் (birch) மரத்தின் முண்டம் என்றால் தோது. நான்கு அங்குலத் தடிப்பே போதும். ஏப்ரல், மே மாதங்களில் ஆணும் பெண்ணும் மாறிமாறிக் குடைந்து, மரத்தூளை அலகில் கவ்விக்கொண்டு தூரப் போய் உதறிவிடும். அடியில் தூள் கிடக்கவில்லை என்பதால் மேலே கூடு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டின்மேல் சாயக்கூடிய மரத்தை அப்படியே விடச் சொல்லவில்லை. மேற்பகுதியைத் தறித்து, எட்டடி முண்டத்தை நிற்கவிடுங்கள். அதையும் இலையுதிர்காலத்தில் செய்யுங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் குலைப்பது 1994ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டப்படி குற்றம். வலசை போகாத சிக்கடீக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

முண்டம் இல்லாதவர்கள் பெட்டி வைக்கலாம். வாசல் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைய, ஒன்றே அரைக்கால் (1 1/8) அங்குலம் இருக்க வேண்டும். கடைப் பெட்டிகள் பலவற்றில் ஒன்றரை அங்குல வாசல். அதில் வீட்டுச் சிட்டுக்குருவி நுழைந்து சிக்கடீயை விரட்டிவிடும், கொன்றும்விடும். வாசலுக்குக் கீழே குச்சி பொருத்தியிருந்தால் பிடுங்கி எறியுங்கள். அது எதிரிக்குத்தான் உதவும். அடித்தளம் நான்குக்கு நான்கு அங்குலம், மூலைகளில் நீர் வடியத் துளைகள். உள்ளே ஓர் அங்குல உயரத்துக்கு மரச்சீவல் போடுங்கள். குடைந்து வெளியேற்ற ஏதாவது இருந்தால்தான் சிக்கடீக்குப் பெட்டி பிடிக்கும். பொடித் தூள் ஈரம் பிடிக்கும், வேண்டாம். வாசலுக்குக் கீழே உட்புறச் சுவரைச் சொரசொரப்பாகக் கீறிவிடுங்கள். இழைத்த பலகையில் குஞ்சு ஏறமுடியாது.

மே, ஜூனில் மரங்களுக்குப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். தட்டில் போடும் சூரியகாந்தி விதை வளர்ந்த குருவிக்குத்தான். குஞ்சு வளர்வது புழுவில்.

இப்படிக்கு,
வாசகர், ஒன்ராறியோ